“சூடே தெரியவில்லை, தம்பி”: பிசியோதெரபி உதவியாளர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சிகிச்சையகத்தில், நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவருக்குக் கெண்டைக்கால் இறுக்கத்துக்காக ஹாட் பேக் (வெந்நீர்த் தொட்டியில் சூடேற்றி, துண்டில் சுற்றி வைக்கும் ஒத்தடப் பை) வைக்கப்பட்டது. உதவியாளர் துண்டுகளை முறையாகத்தான் சுற்றியிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பெரியவர், “சூடே தெரியவில்லை, தம்பி” என்று சொல்லியிருக்கிறார். வயதானவர் கேட்கிறாரே என்று இரண்டு மடிப்புகளை எடுத்துவிட்டு உதவியாளர் மறுபடியும் வைத்துவிட்டார். அன்று மாலையே கொப்புளம் கண்டது. புண் ஆறுவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த உதவியாளர் அலட்சியக்காரர் அல்லர். நோயாளிகளிடம் மிகுந்த பரிவுடன் நடந்துகொள்பவர். அந்தப் பெரியவரின் சொல், நரம்பில் உணர்வு மங்கிவிட்டதற்கான எச்சரிக்கை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. அவருடன் ஓராண்டு வேலை செய்த நானும் சொல்லித்தரவில்லை.

நம் ஊர்ச் சிகிச்சையகங்களில் உதவியாளர்கள் பெரும்பாலும் பார்த்துப் பழகித்தான் வேலை கற்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது, எத்தனை நிமிடம் வைப்பது என்பவை ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அமெரிக்காவில் பிசியோதெரபி உதவியாளராக வேலை செய்வதற்குப் பொதுவாக இரண்டாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் தேவைப்படுகின்றன. அவ்வளவு நீண்ட படிப்பை நாளைக்கே இங்கு எதிர்பார்க்க முடியாது என்றாலும், ஓர் உதவியாளரை நோயாளியுடன் தனியே விடுவதற்கு முன் சிலவற்றைக் கற்றுத்தந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதலாவது, வெப்பமும் நேரமும் சேர்ந்தே தோலைச் சுடுகின்றன என்பது. மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: 44 டிகிரி செல்சியஸில் தோல் வேகச் சுமார் ஆறு மணி நேரம் ஆகிறது; 60 டிகிரியிலோ சுமார் ஐந்து நொடிகளே போதும். ஹாட் பேக் கிடக்கும் தொட்டியின் நீர் ஏறக்குறைய 71 முதல் 74 டிகிரி வரை இருக்கும். ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு எதற்காக என்பது இந்த எண்களைச் சொன்ன பிறகுதான் பலருக்கு மனத்தில் பதிகிறது. புதிதாகச் சேருபவர்களை அவர்களுடைய முன்கையிலேயே பேக்கை வைத்து, மடிப்புகளுக்கு இடையே வெப்பமானியைச் செருகிப் பார்க்கச் சொல்கிறேன். பேக்கின் மேல் நோயாளி படுக்கக் கூடாது என்பதையும் அப்போதே விளக்கிவிடலாம்: உடல் எடை துண்டுகளை அழுத்தி நடுவிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுவதால் சூடு நேராகத் தோலுக்கு இறங்கும், அந்த இடத்து இரத்த ஓட்டமும் குறைவதால் சூடு கலைந்து போகவும் வழியிருக்காது.

அடுத்தது உணர்வுச் சோதனை. இரண்டு சோதனைக் குழாய்கள் போதும். ஒன்றில் 40 முதல் 45 டிகிரி வரை வெந்நீர், மற்றொன்றில் குளிர்ந்த நீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, வரிசை மாற்றி மாற்றித் தொட்டு, சூடா குளிரா என்று கேட்க வேண்டும். சிகிச்சை தரப்போகும் இடத்திலேயே இதைச் செய்ய வேண்டும். முழங்கையில் பார்த்துவிட்டுப் பாதத்தில் பேக் வைப்பதால் பயனில்லை. இரண்டு நிமிட வேலைதான் என்றாலும், காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் காத்திருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இதுதான். ஒருவர் தவறாகச் சொன்னால் அவருக்கு அன்று சூடும் இல்லை, ஐஸும் இல்லை.

மெழுகு ஒத்தடத்தில் விபத்து குறைவு. வெப்பமானியைப் பார்த்த பிறகே நோயாளி கையை நனைக்க வேண்டும், திறந்த புண்ணோ ஈரமோ இருக்கக் கூடாது என்பவற்றைக் கடைப்பிடித்தால் போதும். ஒலி அலைகளால் உள்திசுவைச் சூடேற்றும் அல்ட்ரா சவுண்டில், தோலில் தேய்க்கும் சிகிச்சைத் தலையை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதுதான் பெரிய பிழை. எலும்புக்குள் குத்துவதுபோல் வலிக்கிறது என்று நோயாளி சொன்னால், எலும்பின் மேலுறை சூடேறிவிட்டது என்று பொருள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் உடனே அளவைக் குறைக்க வேண்டும். வலியைக் குறைக்க மின்னோட்டம் செலுத்தும் ஐஎஃப்டி, டென்ஸ் ஆகியவற்றில், தோலில் ஒட்டும் மின்முனைப் பேட் காய்ந்தோ ஓரம் தூக்கியோ இருந்தால், மின்னோட்டம் முழுவதும் சிறிய இடத்தில் குவிந்து தோலைப் பொசுக்கிவிடும். கழுத்தின் முன்புறத்தில் பேட் ஒட்டவே கூடாது.

நான் அதிகம் அஞ்சுவது 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளால் உடலின் உள்திசுவைச் சூடேற்றும் ஷார்ட் வேவ் டயாதெர்மியைத்தான். மூளையில் மின்தூண்டி பதித்திருந்த நோயாளிகள் டயாதெர்மிக்குப் பின் உயிரிழந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பதித்த கருவியை அணைத்துவைத்திருந்தாலும், அதன் கம்பி ஆற்றலை ஈர்த்துச் சுற்றியுள்ள திசுவைச் சுட்டுவிடலாம் என்பது அதன் சாரம். ஆகவே, இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்கப் பழக வேண்டும். “இம்பிளான்ட் இருக்கிறதா?” என்று கேட்டால் நம் பாட்டிமார்கள் இல்லை என்றே தலையாட்டுவார்கள். “அம்மா, நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறார்களா? எப்போதாவது ஆபரேஷன் செய்து பிளேட்டு, கம்பி, ஸ்க்ரூ ஏதாவது போட்டார்களா?” என்று கேட்டால் ஆம் என்பார்கள். இளம் பெண்களிடம் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்பதைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். நகையையும் கைபேசியையும் கழற்றிவைக்கச் சொல்வதும், வியர்வையைத் துடைப்பதும், இரும்புக் கட்டிலைத் தவிர்ப்பதும் அதன் பிறகு.

இவை எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட உதவியாளரும், “டாக்டர் எழுதியிருக்கிறாரே” என்று தயங்கி நிறுத்தாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது புதியவர்களுக்கு நான் தரும் பயிற்சிச் சீட்டுகளில் வேண்டுமென்றே சில தவறுகளை வைக்கிறேன்: பேஸ்மேக்கர் உள்ளவருக்கு டயாதெர்மி, உணர்வற்ற பாதத்துக்கு ஹாட் பேக். “இதை நான் வைக்க மாட்டேன், நீங்கள் ஒருமுறை பாருங்கள்” என்று என்னிடம் தாமாகவே வந்து சொல்லும்வரை அவர்களை நோயாளியிடம் அனுப்புவதில்லை. சிலருக்கு இதற்கு மூன்று வாரம்கூட ஆகிறது. மூத்தவர்களை மறுத்துப் பேசுவது நம் வளர்ப்பில் எளிதன்று. அந்தத் தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு கற்றுத்தருபவருடையது.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுவிட்டால், உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் கூடாது. சிகிச்சையாளரை அழைத்து, நேரத்தையும் இடத்தையும் அளவையும் நோயாளி சொன்னதையும் பதிவேட்டில் அப்படியே எழுத வேண்டும். சர்க்கரை நோயாளி “வலிக்கவே இல்லை, வீட்டுக்குப் போகிறேன்” என்று எழுந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டாமல் அவரை அனுப்பக் கூடாது. வலி தெரியாத காலில்தான் புண் எலும்புவரை போகிறது.