இரண்டு கணக்கில் வளரும் குழந்தைகள்

"ஆறு மாசம் ஆகப்போகுது டாக்டரம்மா, இன்னும் குப்புற விழல." பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி சொன்னார். குழந்தையின் அம்மா ஒன்றும் பேசவில்லை. இந்தப் பேச்சு வீட்டில் எத்தனை நாளாக ஓடுகிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நாத்தனார் பிள்ளை நாலாம் மாதமே குப்புற விழுந்துவிட்டதாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். 31-வது வாரத்தில் பிறந்தவள், எடை 1,450 கிராம். கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு 24-ம் நாள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினேன். தலை கூடவே வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு மாதத்தை நெருங்கும் குழந்தை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். "இவளுக்கு இன்னும் நாலு மாசமே முடியலம்மா" என்றேன். பாட்டி என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "கண் டெஸ்ட் எங்க பண்ணீங்க?"

பண்ணவே இல்லை. சம்மரியின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது, தேதியோடு. யாரும் வாசித்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. பச்சைக் குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வீட்டிலும் இருந்துவிட்டார்கள். "நல்லாத்தானே பாக்குது?" என்றார் அம்மா, முதன்முறையாக வாய் திறந்து. மறுநாளே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். விழித்திரை முழுதாக வளர்ந்திருந்தது. தப்பித்தோம்.

என் ஓபியில் இது வாரம் ஒருமுறையாவது நடக்கிறது. பதற வேண்டாததற்குப் பதறுகிறார்கள், பதற வேண்டியதை ஆறப் போடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று பிறந்த தேதியிலிருந்து. மற்றது, பிரசவத்துக்கு முதலில் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து. எதற்கு எதைப் பிடிப்பது என்பதில் குழம்பிவிடுகிறோம்.

சிரிப்பது, கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது இதெல்லாம் இரண்டாவது கணக்கு. இதைத் திருத்திய வயது என்போம். ஒன்பது வாரம் முன்னால் பிறந்திருந்தால் ஒன்பது வாரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

கண் சோதனைக்கு அப்படி இல்லை, பிறந்த தேதிதான் கணக்கு. கருவில் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் 16-வது வாரம்போலத் தொடங்கி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பரவும். விளிம்பு முழுதையும் எட்ட ஏறக்குறைய 40 வாரம் ஆகும். முன்னால் பிறந்தால் அவை பாதி வழியில் நிற்கும். ஆக்சிஜன் கூடுதலாகப் போனால் வளர்ச்சி தடைபட்டு, பிறகு தாறுமாறாக முளைத்து, கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். ஆர்ஓபி என்பது இதுதான். 1940-களில் அமெரிக்காவில் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்து, பிழைத்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்து அப்படிப் பார்வை போனவர்.

அமெரிக்காவில் 30 வாரம் அல்லது 1,500 கிராம் வரை உள்ளவர்களுக்குத்தான் எல்லோருக்கும் இந்தச் சோதனை. நம் ஊரில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருகிறது. அதனால் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2,000 கிராமுக்குக் கீழே இருந்தாலோ செய்தே ஆக வேண்டும். பிறந்து 30 நாளுக்குள் முதல் சோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஒருமுறை பார்த்தால் போதாது, குழாய்கள் விளிம்பைத் தொடும்வரை திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள். சொட்டு மருந்து விட்டு இமையை விரித்துப் பார்க்கும்போது குழந்தை வீறிட்டு அழும். பல அம்மாக்கள் அதோடு அடுத்த முறை வருவதில்லை. தயவுசெய்து வாருங்கள். முற்றியிருந்தால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளுக்குள் தர வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்க்க அந்தக் கண் அழகாகவே இருக்கும். கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

1996-ல் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. எங்கள் துறையில் அந்தத் தீர்ப்பு தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் அந்த ஒரு வரி இன்றும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தடுப்பூசியும் பிறந்த தேதிக் கணக்குதான். 6, 10, 14 வாரம் என்று மற்றக் குழந்தைகளுக்குப் போலவே. "எடை ஏறட்டும்" என்று தள்ளிப்போட்டால், கக்குவான் இருமல் அதிகம் பாதிக்கும் குழந்தையைத்தான் பாதுகாப்பில்லாமல் விடுகிறோம். காதுக்கு பெரா சோதனை வேண்டும், ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலைக் கருவியால் அளப்பது அது. தட்டை தட்டினால் திரும்புகிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது.

இன்னொரு குழப்பம் எடை. 1,800 கிராமில் இரண்டு குழந்தைகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும். ஒன்று 32 வாரம், மற்றது 39 வாரம். முன்னது முன்னால் வந்த குழந்தை. பின்னது வயிற்றுக்குள்ளேயே ஊட்டம் குறைந்த குழந்தை. அதற்குத் திருத்திய வயது என்று எதுவும் கிடையாது, கழிப்பதற்கு வாரமே இல்லையே. நுரையீரல் தேறியிருக்கும். ஆனால் சர்க்கரை சட்டென்று இறங்கும், உடம்பு சில்லிடும். பெரியவனாகும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். ஒல்லியாக இருக்கிறதே என்று பாட்டில் பாலைப் புகட்டி ஆறே மாதத்தில் கொழுகொழுவென்று ஆக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

"ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்பதை இன்னும் கேட்கிறேன். ஹிப்போகிரடீஸ் காலத்து கிரேக்கர்களும் இதையே நம்பினார்கள், நம் பாட்டிகள் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் சுமார் ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோவில் பிறந்து, மூச்சுத் திணறி 39 மணி நேரத்தில் இறந்துபோனான். இன்று அந்த எடையில் பிறப்பவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்தே நல்லபடியாக அனுப்பி வைக்கிறோம். குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் 32 வாரத்துக்குப் பிறகு பிறப்பவர்கள். அவர்களில் அதிகம் பேர் மற்றவர்களைப் போலத்தான் வளர்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலிடம் நெஞ்சோடு அணைத்து வைப்பதற்கு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய வழி இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் உள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனே அணைத்து வைத்ததில், நிலைமை சீரான பிறகு தொடங்கியதைவிட முதல் 28 நாள் மரணம் கால்வாசி குறைந்தது. அம்மா அசந்து தூங்கும்போது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளலாம். வெட்கப்படும் அப்பாக்களை நான் விடுவதில்லை.

இரும்புச் சத்து சொட்டு மருந்தை ஒரு வயது வரை நிறுத்தாதீர்கள். அம்மாவிடமிருந்து இரும்பு வந்து சேருவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், அதுதான் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், தாய்ப்பால் கொடுப்பது நல்ல பழக்கம், ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் அதன் பெயர் பாலாடைதான். ஒவ்வொரு முறையும் அந்தக் கிண்ணத்தைத் தண்ணீரில் கொதிக்க வையுங்கள், பாலை அல்ல. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய், உரைமருந்து மூன்றும் வேண்டாம். பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

திருத்திய வயதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் ஆறப் போடுவதும் தப்பு. அந்தக் கணக்கின்படியே நாலு மாதம் தாண்டியும் கை முஷ்டியாகவே இருப்பது, கால்கள் கத்தரிக்கோல் மாதிரி விறைப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, ஒன்பது மாதத்தில் உட்காராதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் டிஇஐசி எங்கே என்று கேளுங்கள், வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கும் மாவட்ட மையம் அது. பயிற்சிகள் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். பள்ளி போகும் வயதில் கண்ணாடி தேவைப்படலாம், கணக்கில் தடுமாறலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருஷம் கழித்தும் அதைக் கேட்போம்.

கிளம்பும்போது பாட்டி வாசலில் நின்று திரும்பினார். "அப்போ மொதப் பொறந்தநாளை எப்பக் கொண்டாடுறது?"

"பொறந்த தேதியிலதாம்மா. அன்னிக்கு வந்தவங்க யாராவது, ஏன் இன்னும் நடக்கலன்னு கேட்டா, ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாக்கச் சொல்லுங்க."