குழந்தைகளோடு பழகும் பணியாளர்களுக்குக் காவல்துறை சரிபார்ப்பு: போக்சோ விதி சொல்வது என்ன?

பள்ளியில் ஆசிரியராகச் சேர வருபவரிடம் பட்டச் சான்றிதழ், ஆதார், முன் அனுபவச் சான்று என அனைத்தையும் கேட்டு வாங்குகிறார்கள். அதே பள்ளியின் வேனில் யூகேஜி குழந்தையைத் தூக்கி ஏற்றி இறக்குபவரிடம் ஓட்டுநர் உரிமத்துக்கு மேல் எதுவும் கேட்காத பள்ளிகள் உண்டு. சட்டம் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் கீழ் ஒன்றிய அரசு 2020 மார்ச் 9 அன்று வெளியிட்ட புதிய விதிகளில் 3-ஆவது விதி, குழந்தைகள் தங்கியிருக்கும் அல்லது அவர்களோடு அன்றாடம் தொடர்புள்ள எந்த நிறுவனமும், அது பள்ளியோ குழந்தைகள் காப்பகமோ விளையாட்டுப் பயிற்சிக் கூடமோ, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரைப் பற்றியும் காவல்துறை சரிபார்ப்பும் பின்புல விசாரணையும் செய்ய வேண்டும் என்கிறது. பாடம் நடத்துபவர், நடத்தாதவர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என எல்லோரும் இதில் அடங்குவார்கள். ஆகவே காவலாளி, ஆயா, விடுதிச் சமையல்காரர் ஆகியோரும் விலக்கல்ல. வேலையில் சேரும்போது ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடவும் முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று விதி வரையறுக்காததால், நிர்வாகமே அதை எழுத்தில் முடிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது.

விதியின் வாசகம் பணியாளர்களையே குறிக்கிறது. முகாம் நடத்தவும் கராத்தே சொல்லித்தரவும் வெளியிலிருந்து வருபவர்களிடம் நிர்வாகங்கள் அசந்துவிடுவது இங்கேதான். 2024 ஆகஸ்டில் வெளிவந்த கிருஷ்ணகிரி மாவட்டச் சம்பவத்தில், ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) என்ற பெயரில் நடந்த முகாமில் மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று என்.சி.சி. அமைப்பு பின்னர் அறிவித்தது. முகாமுக்கு முன்பே அந்த அமைப்பிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்பதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சரிபார்ப்புக்குக் காவல்துறையின் இணையதளத்திலேயே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். பணியாளரின் பெயர், முகவரி, அடையாள ஆவணம் ஆகியவற்றைக் கொடுத்தால், முகவரி சரிதானா, அவர்மீது குற்ற வழக்கு உள்ளதா என்று பார்த்து அறிக்கை தருவார்கள். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பவர்களும் வீட்டுப் பணியாளர் என்ற பிரிவில் இதே வழியைப் பயன்படுத்தலாம். பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 செப்டம்பர் முதல் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும் உரிமை காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகளுக்கு மட்டுமே என்பதால், பள்ளி நேரடியாக அதில் தேட முடியாது.

காவல்துறை அறிக்கை, பதிவான வழக்குகளை மட்டுமே காட்டும். புகார் எழுந்ததும் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு, 'நன்னடத்தை உடையவர்' என்று சான்றும் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்த நபர் அடுத்த பள்ளிக்குக் கறையற்ற காகிதத்தோடு போய்ச் சேருவார். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எனவே புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது, அவர் கொண்டுவரும் சான்றிதழோடு நின்றுவிடாமல், முன்பு வேலைசெய்த இடத்தின் தலைமையாசிரியரிடமோ தாளாளரிடமோ நேரில் பேசி, ஏன் விலகினார், குழந்தைகள் தொடர்பாகப் புகார் ஏதும் வந்ததா என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலைத் தேதியோடு கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

பெற்றோரும் சேர்க்கையின்போது, வேன் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் கடைசியாகச் சரிபார்ப்பு நடந்த தேதி எது என்று கேட்கலாம். சந்தேகத்துக்கிடமாக ஏதேனும் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம்.