ஓ.டி. பார்த்ததால் இ.எஸ்.ஐ. போகாது

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை. சேலைப் பிரிவில் பத்து வருடமாக நிற்கிறவர் அவர். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த வாரம் என் அலுவலகத்துக்கு வந்து, நான்காக மடித்த சம்பளச் சீட்டை மேசையில் விரித்தார். மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. ஜூலையில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்துக்குப் போனால், "உங்க பேர்ல பணமே கட்டலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நகையை அடகு வைத்துத் தனியாரில் பார்த்திருக்கிறார்.

சீட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மாதச் சம்பளம் 19,400. போன அக்டோபரில் தீபாவளி ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான பணம்) 2,600 சேர்ந்து 22,000. '21,000 தாண்டிவிட்டது' என்று கடைக் கணக்கர் 'கவரேஜில் இல்லை' எனப் பதிந்து, ஆளை வெளியே எடுத்துவிட்டார். இதே தவறை இன்னும் எத்தனை கடையில் பார்ப்பது?

இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 என்பது 2017 ஜனவரியிலிருந்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்க்கவே கூடாது. தீபாவளி போனஸையும் சேர்க்கக் கூடாது. மாதாமாதம் வரும் நிலையான சம்பளம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு மாதம் 22,000, ஏன், 25,000 கைக்கு வந்தாலும் அதில் ஓ.டி.யைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 19,400 என்றால் 19,400தான்.

தொழிலாளர்களிடமும் இதே பயம். மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், "சார், இ.எஸ்.ஐ. கார்டு போயிடும்னா ஓ.டி.யே வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். வேண்டாம் அம்மா. உழைத்த காசை விடாதீர்கள். வேறு சிலர் போனஸைக் கணக்கில் ஏற்றாமல் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கும் அவசியமே இல்லை.

சரி, சம்பளமே உண்மையில் 21,500 ஆகிவிட்டால்? அப்போதும் உடனே வெளியேற்ற முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறாறு மாதமாகத்தான் கணக்கு. நவம்பரில் சம்பளம் ஏறினால் மார்ச் 31 வரை பிடித்தம் தொடர வேண்டும், ஏறிய சம்பளம் முழுவதற்கும். அந்தப் பணத்துக்கான பலன் அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை கிடைக்கும்.

அக்டோபரில் செய்த பிழை ஜூலையில்தான் தெரிய வருவதும் இதனால்தான். முந்தைய அரையாண்டில் கட்டியதை வைத்து ஜூன் வரை வண்டி ஓடிவிடும். யாருக்கும் சந்தேகம் வராது.

முதலாளிகளே, ஒருவருக்கு நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், அவரிடம் பிடிப்பது 0.75. 19,400 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 630 ரூபாய் சொச்சம். அதைக் கட்டாமல் விட்டால் பின்னால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு கட்ட வேண்டிவரும். அந்தக் கடைக்காரரிடமும் அதைத்தான் சொல்லி, விட்டுப்போன மாதங்களுக்குச் சேர்த்துக் கட்ட வைத்திருக்கிறேன். அடகுக்குப் போன நகைக்கு அது வழி செய்யுமா என்று சேலைப் பிரிவுக்காரர் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தீபாவளி மாதச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் என்ற வரியில் பூஜ்யம் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். கணக்கர்களுக்கு: அக்டோபர் மாதத்துக்கு நவம்பர் 15-க்குள் கட்ட வேண்டும். பதிவேற்றும் முன் ஓ.டி.யைத் தனிப் பத்தியில் பிரித்துவிட்டு, அப்புறம் வரம்பைப் பாருங்கள்.