பின் சா: தேநீர் துய்த்தல்

தேநீர் குடிப்பதற்குச் சீனர்கள் இரண்டு வினைகளைச் சொல்வார்கள். தாகத்துக்கோ பேச்சுத் துணைக்கோ குடித்தால் 'ஹ சா'. சுவையில் மனம் ஊன்றிக் குடித்தால் 'பின் சா'. ('சா'வைப் 'பச்சை'யில் வரும் சகரம்போல் அழுத்திச் சொல்ல வேண்டும்.)

'பின்' என்பதன் எழுத்து, வாயைக் குறிக்கும் சதுரங்கள் மூன்றை அடுக்கியது: மேலே ஒன்று, கீழே இரண்டு. ஒரு சின்னக் கிண்ணத்தை மூன்று மிடறாகக் குடிக்க வேண்டும் என்பதே இதன் பொருள் என்று தேநீர்ப் பிரியர்கள் விளக்குவார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் பிற்பாடு ஒட்டவைத்தது. பழைய சீனத்தில் அந்த எழுத்துக்குப் பல, வகை, தரம் என்றெல்லாம் பொருள். தரம் பார்ப்பதிலிருந்துதான் சுவை பார்ப்பது வந்தது.

'சா' நமக்குச் 'சாயா' என்றும் 'சாய்' என்றும் தெரியும். தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாநிலக் கடற்கரையில் பேசும் 'மின்' என்ற மொழியில் அதே செடிக்குத் 'தே' என்று பெயர். டச்சு வணிகர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பியர் வழியே நம்மிடம் வந்தபோது இலையும் நீரும் சேர்ந்துகொண்டன. ஆக, தேநீர் என்ற சொல்லில் பாதி ஃபூஜியன்காரர்களுடையது.

அதே ஃபூஜியனின் வூயி மலையில், தோங்மூ என்ற ஊரில் பிறந்தது 'ஜின் ஜுன் மெய்'. ஜின் பொன், ஜுன் உயர்சாதிக் குதிரை, மெய் புருவம். பொன்னிற மயிரோடு வளைந்திருக்கும் மெல்லிய மொட்டுகளால் வந்த பெயர். புராதனமானதுபோல் தோன்றினாலும் இந்தத் தேநீர் 2005இல்தான் உருவானது. அதே ஊரின் பழைய சரக்கு, பைன் விறகுப் புகை ஏறிய லாப்சாங் சூச்சோங். புதியதில் புகை கிடையாது. இளவேனிலில் கிள்ளிய மொட்டு மட்டுமே சேரும். அரைக் கிலோவுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மொட்டுகள் வேண்டும். விலை ஏறியதற்கு அதுவே காரணம். போலிகள் பெருகியதற்கு விலை காரணம். ஜின் ஜுன் மெய் என்பது ஒரு தேயிலை வகையின் பொதுப்பெயராகிவிட்டது, தனி வணிகக்குறி அல்ல என்று 2013இல் பெய்ஜிங் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் எந்த மலை மொட்டும் கைக்கு வரலாம்.

துய்க்கும் முறை எளிது, அவசரம்தான் ஆகாது. மூடியுள்ள 'கைவான்' கோப்பை, நாலைந்து கிராம் இலை, கொதி அடங்கிய நீர். சில நொடிகளில் வடித்துவிட வேண்டும். முதலில் மூடியின் உட்புறத்தை முகர்கிறார்கள்: தேனும் வெந்த சர்க்கரைவள்ளியும் கலந்த வாசம். பிறகு நிறம். பிறகுதான் வாய். அதே இலையில் மறுபடி மறுபடி நீர் ஊற்ற, ஒவ்வொரு வடிப்பிலும் சுவை நகரும். அந்த நகர்வைக் கவனிப்பதுதான் இதில் தியானம் என்று சொல்லத்தக்க பகுதி. விழுங்கிய பின் தொண்டையில் எழும் இனிப்புக்கு 'ஹுய் கான்', திரும்பி வரும் இனிப்பு, என்று பெயர். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'தேநீரும் சன்னும் ஒரே சுவை' என்று சீனத்தில் ஒரு தொடர் உண்டு. சன் என்பது நம் தியானம்தான்; ஜப்பானில் ஜென் ஆனது. அதற்காகப் 'பின் சா'வைத் 'தேநீர்த் தியானம்' என்று பெயர்ப்பது மிகை. குடிப்பவர்கள் எல்லோரும் துறவிகள் அல்லர். போதிதருமரையும் காஞ்சிபுரத்தையும் இங்கே இழுத்துவரவும் வேண்டாம்.

தமிழில் உட்கொள்வதற்கான வினைகளை வகைபிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அருந்தல் மிகச் சிறிய அளவில், பருகல் நீர்மத்தைச் சிறுகச் சிறுக, மாந்தல் பெருவேட்கையோடு மடமடவென. சுவைத்து மகிழ்ந்து உட்கொள்வது துய்த்தல். 'பின் சா'வுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. ஒரு நெருடல் உண்டு: 'துய்ப்பேம் எனினே தப்புந பலவே' (நாமே அனுபவிப்போம் என்றால் இழப்பவை பல) என்று புறநானூறு (189) சொல்லும்போது, ஈயாமல் தானே அனுபவிப்பது என்ற சாயல் அந்த வினைக்கு ஏறிவிடுகிறது. ஒரே வடிப்பைப் பொதுக் குவளையில் ஊற்றி எல்லோருக்கும் சமமாகப் பகிரும் சீன வழக்கம் அதற்கு நேர்மாறு. ஆனாலும் 'தேநீர் சுவைத்தல்' என்றால் தொழிற்சாலையில் உறிஞ்சித் துப்பும் தரச் சோதகர் வேலை நினைவுக்கு வருகிறது. துய்த்தலே மேல்.

ஜின் ஜுன் மெய் போன்ற இலைக்கும் ஒரு சொல் வேண்டும். ஆங்கிலேயர் காய்ந்த இலையைப் பார்த்துக் கறுப்பு என்றார்கள். சீனர் வடித்த நீரைப் பார்த்து 'ஹோங்', சிவப்பு, என்றார்கள். ஆங்கிலத்தைப் பின்பற்றிக் கருந்தேயிலை என்று எழுதினால், சீனத்தில் 'ஹெய் சா' என்று தனியாக இருக்கும் புளித்த கறுப்பு வகையோடு குழம்பும். அதனால் 'ஹோங்' வகையைச் செந்தேயிலை என்றும், வடித்ததைச் செந்தேநீர் என்றும் எழுதலாம்.