“எங்க வீட்ல யாருக்கும் இல்ல டாக்டர்”: நல்லா விசாரிச்சீங்களா?

மும்பைப் பக்கம் செம்பூர், சயான், தாராவி, முலுண்ட், டோம்பிவிலி, எங்கிருந்து வந்தாலும் சரி, நம்ம ஆளுங்க எதிர்ல உக்காந்ததும் சொல்ற முதல் வாக்கியம் ஒண்ணு இருக்கு. "எங்க வீட்ல யாருக்கும் கேன்சர் கிடையாது டாக்டர், எனக்கு எதுக்கு கொலோனோஸ்கோபி?" கொலோனோஸ்கோபின்னா ஆசனவாய் வழியா கேமரா வச்ச குழாயை விட்டுப் பெருங்குடலைப் பாக்குறது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. போன வாரம் ஒருத்தர் விஷயத்துல அலுப்பு போய் கோவமே வந்துருச்சு, அதான் எழுத உக்காந்தேன்.

தாராவியில சொந்தமா லெதர் பேக் தைக்கிற தொழில், 43 வயசு, சிகரெட் இல்ல தண்ணி இல்ல. ரொம்ப நாளா மோஷன்ல ரத்தம். மூலம்னு அவரே முடிவு பண்ணி துத்தி இலை, கருணைக்கிழங்கு, அப்புறம் லோக்கல் ட்ரெயின்ல ஒட்டியிருக்குற போஸ்டரைப் பாத்து ஏதோ பொடி, எல்லாம் முடிச்சுட்டு எடை குறைய ஆரம்பிச்சப்புறம்தான் வந்தார். குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர் உண்டான்னு கேட்டேன், இல்லவே இல்லன்னு அடிச்சு சொன்னார், அப்பா எப்படி இறந்தார்னு கேட்டதுக்கு வயித்து வலியிலன்னார். ஸ்கோப் போட்டுப் பாத்தா பெருங்குடல்ல கட்டி. பயாப்சி ரிசல்ட் வந்த அன்னைக்கு ஊர்லேருந்து அவரோட அக்கா வந்திருந்தாங்க, அந்தம்மா ரொம்ப சாதாரணமா சொல்றாங்க, "எங்க அப்பாவுக்கும் இதேதான் டாக்டர், 48 வயசுல பாளையங்கோட்டையில ஆபரேஷன் பண்ணி வயித்துல பை வச்சு விட்டாங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த சமயம், வெளிய தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சுரும்னு அம்மா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டா. தம்பி பம்பாய்ல இருந்தான், அவன்கிட்டயும் சொல்லல." தம்பி அப்படியே அக்கா மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தார்.

கணக்கு சிம்பிள்தான். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க, இவங்கள்ல ஒருத்தருக்கு 60 வயசுக்கு முன்னாடி பெருங்குடல் கேன்சர் வந்திருந்தா உங்களுக்கு 40 வயசுல கொலோனோஸ்கோபி ஆரம்பிக்கணும், இல்ல அவங்களுக்கு வந்த வயசுலேருந்து 10 கழிச்சு வர்ற வயசுல, எது முன்னாடி வருதோ அது. அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. இவருக்கு 38லயே பண்ணியிருக்கணும். அந்த நேரத்துல ஒரு பாலிப்பா, அதாவது இன்னும் கேன்சர் ஆகாத சின்ன சதை வளர்ச்சியாத்தான் இருந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, பாத்த கையோட எடுத்துப் போட்டு அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

இந்த "யாருக்கும் இல்ல"ங்குறதுல ரெண்டு தப்பு இருக்கு, ரெண்டையும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறேன், பொறுத்துக்குங்க.

முதல் தப்பு, நிஜமாவே குடும்பத்துல யாருக்கும் இல்லன்னே வச்சுக்குவோம். அதனால உங்களுக்கு வராதுன்னு யார் சொன்னா? பெருங்குடல் கேன்சர் வர்றவங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு மேல குடும்பத்துல யாருக்கும் வந்ததே இல்ல. திரும்ப ஒரு தடவை படிங்க. குடும்ப வரலாறு இருந்தா ரிஸ்க் கூடுது, அப்பா அம்மா கூடப் பிறந்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுது, அது உண்மை. ஆனா வரலாறு இல்லன்னா ரிஸ்க் பூஜ்யம் ஆகாது, எல்லாருக்கும் இருக்குற சராசரி ரிஸ்க் உங்களுக்கும் இருக்கு, அவ்வளவுதான். இதையே சைவக்காரங்க வேற மாதிரி சொல்வாங்க. மாட்டுங்கா மாமி ஒருத்தர், "நாங்க முட்டைகூடத் தொடமாட்டோம், எங்களுக்கு எப்படி வரும்?"னு என்னையே திருப்பிக் கேட்டார். பதப்படுத்தின இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி மையம் 2015ல கேன்சர் வரவைக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேத்துச்சு, சரிதான். அதைத் தவிர்த்தா ஒரு காரணம் குறையும். வயசு, தொப்பை, சுகர், உக்காந்தே வேலை, சிகரெட், தண்ணி இதெல்லாம் எங்க போகும் மாமி?

ரெண்டாவது தப்புதான் எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம். இல்லன்னு சொல்றவங்கள்ல எத்தனை பேர் நிஜமா கேட்டுப் பாத்தவங்க? நம்ம வீடுகள்ல கேன்சரை வெளிய சொல்றதில்ல. கல்யாணம் நிக்கும், ஊர் பேசும். அதனால பெரியப்பா "வயித்துல புண்"ணுல போயிருப்பார், அத்தை "மஞ்சக்காமாலை"ல போயிருப்பாங்க, தாத்தா "சாப்பிடாமக் கிடந்து" போயிருப்பார். அதுல எத்தனை பேருக்குக் குடல்ல ஆரம்பிச்சு ஈரலுக்குப் பரவின கேன்சர்னு யாருக்குத் தெரியும்? மும்பைல செட்டில் ஆன குடும்பங்கள்ல இது இன்னும் மோசம், தாத்தா பாட்டி விவகாரம் எல்லாம் திருநெல்வேலியிலயும் தஞ்சாவூர்லயும் நின்னு போச்சு, இங்க பிறந்த பசங்களுக்கு அத்தை பேரே பாதி தெரியாது.

கேக்கும்போது குடலை மட்டும் கேக்காதீங்க. லிஞ்ச் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, பரம்பரையா வர்ற பெருங்குடல் கேன்சர்ல அதுதான் அதிகம். அந்தக் குடும்பங்கள்ல ஆம்பளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் குடல்ல வரும், பொம்பளைங்களுக்குப் பல நேரம் கர்ப்பப்பை உள்சுவர்லயும் வரும், சினைப்பை, இரைப்பை, சிறுநீர்க் குழாய்லயும் வரலாம். அத்தைக்கு 46 வயசுல கர்ப்பப்பையை எடுத்தாங்கன்னா எதுக்கு எடுத்தாங்கன்னு கேளுங்க, முடிஞ்சா ரிப்போர்ட்டைத் தேடுங்க. கர்ப்பப்பை வாய்ல வர்றது வேற கணக்கு, அது வைரஸால வர்றது, இதுல சேராது. மூணு சொந்தக்காரங்க, ரெண்டு தலைமுறை, அதுல ஒருத்தருக்காவது 50க்குள்ளன்னு வந்தா நாங்க உடனே நிமிந்து உக்காருவோம். அந்த மரபணு மாற்றம் இருக்கறவங்களுக்கு 20லேருந்து 25 வயசுக்குள்ளயே ஸ்கோப் ஆரம்பிக்கணும், ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. குடல் முழுக்க நூத்துக்கணக்குல பாலிப் முளைக்கிற இன்னொரு பரம்பரை நோய் இருக்கு, எஃப்.ஏ.பி., அந்த வீட்டுப் பசங்களுக்கு 10, 12 வயசுலயே பாக்க ஆரம்பிப்போம்.

இன்னொண்ணு, இதைப் பத்தி நம்ம பக்கம் யாரும் பேசறதே இல்ல. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு சொந்தத்துலயே கட்டுற வழக்கம் நமக்கு உண்டு. மியூட்டிஒய்ஹெச் ஜீன்ல வர்ற பாலிப் நோய் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒவ்வொண்ணா பழுதான ஜீன் வந்தாத்தான் தலைகாட்டும். அப்பாவுக்கும் இருக்காது, அம்மாவுக்கும் இருக்காது, பிள்ளைக்கு மட்டும் வரும். சொந்தத்துல கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுது. அதனால "அப்பா அம்மா ரெண்டு பேரும் 80 வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாங்க"ன்னு சொல்றது எல்லாக் கதவையும் மூடிடாது.

சரி, ஏற்கெனவே வீட்ல ஒருத்தருக்கு வந்திருச்சா? அவரோட பயாப்சியில எம்.எம்.ஆர். புரதங்களுக்கு (டி.என்.ஏ. பிழையைத் திருத்துற புரதங்கள்) ஐ.ஹெச்.சி.ங்குற சாயம் ஏத்திப் பாக்குற டெஸ்ட் பண்ணாங்களான்னு அவங்க டாக்டர்கிட்ட கேளுங்க, லிஞ்ச் சந்தேகம் அதுலதான் முதல்ல தெரியும். ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாருக்கும் குடுங்க. பயாப்சி சதையைப் பதிச்சு வச்சிருக்குற மெழுகு பிளாக்கைத் தொலைச்சுடாதீங்க. இதைக் கெஞ்சித்தான் கேக்குறேன், மறைச்சு வச்சு என்ன சாதிக்கப் போறோம்?

இப்ப ரிஸ்க் கணக்கு. ஐ.டி.ல வேலை பாக்குற பசங்க அமெரிக்க இணையதளத்துல இருக்குற கால்குலேட்டர்ல எண்ணைப் போட்டு ஸ்க்ரீன்ஷாட்டோட வர்றாங்க. அந்த நேஷனல் கேன்சர் இன்ஸ்டிட்யூட் கருவி 45லேருந்து 85 வயசுக்கு, அந்த ஊர் மக்கள் கணக்கை வச்சு செஞ்சது, லிஞ்ச், எஃப்.ஏ.பி., அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் மாதிரி நாள்பட்ட குடல் அழற்சி இருக்கறவங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 34 வயசுப் பையன் 45னு பொய் சொல்லிப் போட்டு வர்ற நம்பரை வச்சு நான் என்ன பண்ண? ஆசியாக்காரங்களை வச்சே செஞ்ச எளிமையான ஸ்கோர் ஒண்ணு இருக்கு, ஆசியா பசிஃபிக் ஸ்கோர்னு. 50லேருந்து 69 வயசுன்னா 2, 70க்கு மேல 3, ஆம்பளைன்னா 1, சிகரெட் பழக்கம் உண்டுன்னா 1, நெருங்கின ரத்த சொந்தத்துல இருந்தா 2. கூட்டுத்தொகை 4 இல்ல அதுக்கு மேல வந்தா ஹை ரிஸ்க். 55 வயசு ஆம்பளை சிகரெட் பிடிச்சாலே 4 வந்துருச்சு பாருங்க, குடும்பமே தேவைப்படல. ஆனா இது அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு மட்டும். ரத்தம் வருது, மோஷன் பழக்கம் மாறிப்போச்சு, எடை குறையுதுன்னா ஸ்கோர் எல்லாம் தூக்கிப் போட்டுட்டு நேரா வாங்க.

அதேமாதிரி ஹீமோகுளோபின். ஆம்பளைங்களுக்கும் மாதவிடாய் நின்ன பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைஞ்சு ரத்தசோகை வந்தா மாத்திரையை எழுதிக் குடுத்து அனுப்பக் கூடாது, ரத்தம் எங்க ஒழுகுதுன்னு மேலயும் கீழயும் ஸ்கோப் போட்டுப் பாக்கணும். வலது பக்கப் பெருங்குடல்ல கட்டி இருந்தா கண்ணுக்கு ரத்தமே தெரியாது, சோர்வு மட்டும்தான் தெரியும். ஃபேமிலி டாக்டர் நண்பர்களே, இது உங்களுக்கும் சேத்துத்தான்.

பேக்கேஜ் பத்தி சொல்லாம விட முடியல. "ஃபுல் பாடி செக்கப் பண்ணிட்டேன், சி.இ.ஏ. நார்மல்." சி.இ.ஏ.ங்குற ரத்தப் பரிசோதனை கேன்சரைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல, வைத்தியம் முடிஞ்சவங்களை ஃபாலோ பண்ற டெஸ்ட். ஆரம்பக் கட்டத்துல பல பேருக்கு நார்மலாவே இருக்கும், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு கேன்சரே இல்லாம ஏறும். வயித்து ஸ்கேன்ல பாலிப் தெரியாது. 

அறிகுறி இல்ல, குடும்பத்துல விசாரிச்சும் இல்ல, அப்ப 45லேருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஃபிட்ங்குற மலப் பரிசோதனை, இல்லன்னா 10 வருஷத்துக்கு ஒரு கொலோனோஸ்கோபி. அமெரிக்காவுல 2021ல 50ஐ 45ஆ குறைச்சாங்க, இளவயசுக் கேஸ் கூடுதுன்னு. நம்ம அரசு ஸ்கிரீனிங் திட்டத்துல வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மட்டும்தான் இருக்கு, அதனால குடலுக்கு யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க, நீங்களேதான் போகணும். ஃபிட்டுக்குப் பத்தியம் கிடையாது, குச்சியால மோஷனைத் தொட்டு பாட்டில்ல போட்டுக் குடுத்தாப் போதும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும். பாசிட்டிவ் வந்தா கொலோனோஸ்கோபி, வேற பேச்சே இல்ல. இன்னொரு லேப்ல குடுத்து நெகட்டிவ் வாங்கிட்டு வந்து சந்தோஷமா காட்டுறாங்க! கட்டி எல்லா நாளும் ரத்தம் கசிய விடாதுங்க, அதனாலதான் ஒரு பாசிட்டிவ்னாலும் பாசிட்டிவ்தான்.

ஸ்கோப் பண்றதுல வலி இல்ல, மயக்கம் குடுத்துடுவோம். கஷ்டம் முதல் நாள் மருந்து குடிக்கிறதுலதான். ரெண்டு மூணு நாள் முன்னாடியே கீரை, கொய்யா, விதை உள்ளதெல்லாம் நிறுத்துங்க, இட்லி, தயிர்சாதம், அப்புறம் இளநீர், வடிகட்டின ரசத் தண்ணி. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்னாடி நிறுத்தணும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, சுகர் மருந்து இதெல்லாம் எடுத்தா முன்னாடியே சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மருந்தைப் பாதி ராத்திரி, பாதி விடியக்காலைல. "போதும்னு நினைச்சு கொட்டிட்டேன்"னு வந்தா நான் உள்ள பாக்குறது குடல் இல்ல, நேத்து சாப்பிட்ட சாம்பார். குடல்ல ஓட்டை விழுற ஆபத்து உண்டா? உண்டு, ஆனா ஆயிரத்துல ஒண்ணு அளவுதான், அதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம்.

கடைசியா, அப்பாவைக் கூட்டிட்டு வர்ற மகன்களுக்கு. "அப்பாவுக்கு 82, ஒரு தொந்தரவும் இல்ல, சும்மா ஒரு கொலோனோஸ்கோபி பண்ணிடலாமா?" 75 வரைக்கும் சரி, 76லேருந்து 85 வரைக்கும் ஆளைப் பாத்து, ஏற்கெனவே பண்ணியிருக்காரான்னு பாத்துத்தான் முடிவு. தொந்தரவே இல்லாத 82க்கு பெரும்பாலும் நான் வேண்டாம்னுதான் சொல்றேன். அவரை வீட்ல நிம்மதியா விடுங்க. கூட வந்திருக்கீங்களே நீங்க, உங்களுக்கு 50 இருக்குமா?