டெம்போ பிடித்து எல்லாரும் ஒரே நாளில் வராதீர்கள்

போன வாரமும் ஒரு டெம்போ வந்து நின்றது. ஒடுகத்தூர் பக்கத்து ஊர். பத்தாவது படிக்கிற பையனுக்குத் தொடை எலும்பில் யூவிங் சர்கோமா. சின்ன வயதுக்காரர்களுக்கு வரும் அரிதான புற்றுநோய். சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்த வங்கிக்குள் வந்துவிட்டார்கள். "எங்க புள்ளைக்கு எங்க ரத்தந்தான் சேரும் டாக்டரம்மா, வெளி ரத்தம் வேணாம்" என்றார் பெரியவர்.

பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் 'சொந்த ரத்தம்' பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொந்தக்காரர் ரத்தம் கூடுதல் பாதுகாப்பு என்று யார் சொன்னது? சில சமயம் ஆபத்தே அதுதான். ரத்தப் பையில் கொடுப்பவரின் வெள்ளையணுக்களும் கொஞ்சம் இருக்கும். அந்நியருடையது என்றால் நோயாளியின் உடம்பு கண்டுபிடித்து அழித்துவிடும். அப்பாவுடையது, அண்ணனுடையது என்றால் ஜாடை ஒத்துப்போய், 'நம்ம ஆள்' என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. தங்கிவிட்ட அணுக்கள் பெருகி தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று தாக்கும். நடப்பது அபூர்வம், நடந்தால் பிழைப்பதும் அபூர்வம். கீமோ என்கிற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு வேறு. அதனால்தான் நெருங்கிய ரத்த உறவு கொடுத்த பையைக் கதிர்வீச்சில் வைக்காமல் ஏற்றுவதில்லை.

"அப்போ நாங்க குடுக்க வேணாமா?" கொடுங்கள் ஐயா! உங்கள் பை வேறு யாருக்கோ போகும், உங்கள் பிள்ளைக்கு வேறு யாருடையதோ வரும். ஈடாகக் கொடுப்பதற்கு அதே குரூப்பும் வேண்டியதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி கொடுத்ததில் ஆரணி நெசவாளி எழுந்து உட்காருவார்.

ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வேண்டாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள், எடுத்து வைத்தால் 5 நாள்தான் தாங்கும். கீமோவோ மாதக்கணக்கில் போகும். ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் 3 மாதமும் பெண் 4 மாதமும் காத்திருக்க வேண்டும். டெம்போ திரும்பிப் போனபிறகு, அடுத்த சுற்றில் பிளேட்லெட் இறங்கும்போது, அம்மா மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நிற்பார். அப்போதுதான் வாசலில் ஒரு புரோக்கர் வந்து 'ஆள் இருக்கு' என்பான். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் தடை. தயவுசெய்து அவனிடம் போகாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரே ஒருவர் பொறுப்பெடுங்கள், சித்தப்பாவோ மாமாவோ. ஒரு நோட்டில் பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி. ஊர் கிரிக்கெட் டீம், அண்ணனின் காலேஜ் நண்பர்கள் என்று உறவுக்கு வெளியேயும் சேருங்கள். நரம்பு நன்றாக உள்ள நாலைந்து பேரை மெஷினில் பிளேட்லெட் மட்டும் கொடுக்கத் தனியாக வைத்திருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும், சிவப்பணு திரும்ப உள்ளே போய்விடும். 3 நாளாக ஆஸ்பிரின் போடாதவராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போடுகிறீர்களா, தேதி போடுங்கள், தேவை முடிந்ததும் 'முடிந்தது' என்றும் போடுங்கள். ஆறு மாதம் முந்தைய பதிவைப் பார்த்து இன்றும் போன் வருகிறது.

அப்புறம், வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். முந்தின இரவு குடித்தவர் இருந்தால் ஊரிலேயே இருக்கட்டும், அடுத்த வாரம் அவர் முறை.