இருபதாயிரம் கொடுத்து வாங்கினாலும் ஸ்டிக் தேயும்

போன வாரமும் ஒரு பையன் வந்தான். கையில் வீடியோ கேம் ஆடும் விலை உயர்ந்த வயர்லெஸ் கன்ட்ரோலர். வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கட்டைவிரலால் ஆட்டும் ஸ்டிக்கைத் தொடாமலே ஆட்டத்தில் ஆள் தானாக நடக்கிறான். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறோம். மறுநாள் போட்டி. "அண்ணே, இது ப்ரோ மாடல். இதுல எப்படி ட்ரிஃப்ட் வரும்?" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறான். திறந்து பார்த்தால் ஸ்டிக்குக்குள் எண்ணெய் மிதக்கிறது. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை உள்ளே அடித்திருக்கிறான். பில் எங்கே என்றால் இல்லை. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாம்.

கன்ட்ரோலர் ரிப்பேர்தான் எனக்குத் தொழில். இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். போட்டியில் ஆடுகிறவர்களும், பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கப் போகும் பெற்றோரும் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பெரிய மூடநம்பிக்கை. விலை மூன்று மடங்கு என்றால் உள்ளே இருக்கும் ஸ்டிக்கும் மூன்று மடங்கு உழைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. ப்ளேஸ்டேஷன் 5-க்கான சோனியின் ப்ரோ கன்ட்ரோலர் டூயல்சென்ஸ் எட்ஜ் 2023 ஜனவரியில் வந்தது. வந்தபோது அமெரிக்காவில் 200 டாலர், நம் ஊரில் 18,990 ரூபாய். அதன் ஸ்டிக்குக்குள் இருப்பது சாதாரண டூயல்சென்ஸில் இருக்கும் அதே பொட்டென்ஷியோமீட்டர் வகைதான். 2019-இல் 180 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2-லும் அதே வகைதான். கரித்தடம், அதன்மேல் உரசும் ஒரு சின்ன உலோகக் கை. உரசினால் தேயும், தேய்ந்தால் ட்ரிஃப்ட். அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு? பின்னால் இருக்கும் பேடில் என்ற கூடுதல் பட்டன்களுக்கு, ஆள்காட்டி விரலால் இழுக்கும் ட்ரிக்கரைப் பாதியில் நிறுத்தும் லாக்குக்கு, மாற்றிக்கொள்ளும் ஸ்டிக் தொப்பிக்கு, ஆட்டத்துக்கு ஒரு ப்ரொஃபைல் சேமித்துக்கொள்ளும் வசதிக்கு. இவையெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. பேடில் இருந்தால் ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே குதிக்கலாம், குனியலாம். சுடும் ஆட்டங்களில் அது உண்மையான லாபம். ஆனால் நீங்கள் காசு கொடுத்தது வசதிக்கு, ஆயுளுக்கு அல்ல. இதை ஒருவர் மனதில் ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த வகை ஸ்டிக்கைத் தயாரிக்கும் ஆல்ப்ஸ் நிறுவனம் தன் டேட்டாஷீட்டிலேயே 20 லட்சம் சுழற்சி என்று ஆயுளைப் போட்டிருக்கிறது. கேட்கப் பெரிய எண்தான். வேகமான ஆட்டத்தில் நிமிடத்துக்கு நூறு அசைவு என்று வையுங்கள். மணிக்கு ஆறாயிரம். 333 மணி நேரத்தில் 20 லட்சம் முடிந்தது. தினமும் நாலு மணி நேரம் பயிற்சி செய்கிறவனுக்கு அது மூன்று மாதம்கூட இல்லை. உடனே செத்துவிடும் என்று அர்த்தமில்லை. எல்லா அசைவும் முழுச் சுழற்சியும் அல்ல, எல்லா ஸ்டிக்கும் ஒரே மாதிரி தேய்வதும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவனிடம் ஐந்து வருடம் வந்த கன்ட்ரோலர் உங்களிடம் ஏன் ஒரு வருடம் தாங்கவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. நிறுவனங்களுக்கும் இது தெரியும். எலைட் 2-க்கு முதலில் 90 நாள் வாரண்டிதான் கொடுத்தார்கள். புகார் குவிந்த பிறகு 2020 அக்டோபரில் அதை ஒரு வருடமாக நீட்டினார்கள். எட்ஜில் சோனி வேறு வழியைப் பிடித்தது. ஸ்டிக் மாட்யூலை (ஸ்டிக்கும் சென்சாரும் சேர்ந்த பாகத்தை) நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம், வந்தபோது ஒன்று 20 டாலர். என்னைப் போன்றவனுக்கு வருமானம் போனாலும் நேர்மையான ஏற்பாடு அதுதான். தேயும் என்று ஒத்துக்கொண்டு, தேய்ந்தால் மாற்ற வழியும் செய்திருக்கிறார்கள். அதனால் எட்ஜ் வாங்குகிறவர்கள் மாட்யூல் இங்கே கையில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இதைச் சொன்னதும் அடுத்த கட்சி வந்துவிடும். "அதான் ஹால் எஃபெக்ட் வாங்கிட்டேனே, இனி ஆயுசுக்கும் ட்ரிஃப்ட் வராது." ஹால் எஃபெக்ட் நல்ல தொழில்நுட்பம்தான். காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடுவதில்லை, அதனால் உரசித் தேய எதுவும் இல்லை. புதுசும் இல்லை. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவு அது. சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் 1998-லேயே இருந்தது. ஆனால் ஸ்டிக் என்பது சென்சார் மட்டும் இல்லையே. அதை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்ப்ரிங் தளரும். அது உட்காரும் பிளாஸ்டிக் தேயும். ஸ்ப்ரிங் தளர்ந்தால் ஸ்டிக் நடுவில் வந்து நிற்காது. சென்சார் அதை அச்சு அசலாக அப்படியே சொல்லும். உங்களுக்கு அதுவும் ட்ரிஃப்ட்தான்.

இன்னொன்றை யாரும் கேட்பதே இல்லை. ஸ்டிக்கை அழுத்தினால் ஆட்டத்தில் ஆள் ஓடுவான் இல்லையா, அந்த எல்3 பட்டன்? அது தனி சுவிட்ச். அதில் காந்தமும் இல்லை, ஹாலும் இல்லை. சுடும் ஆட்டக்காரர்கள் கொண்டுவரும் கன்ட்ரோலரில் பல நேரம் முதலில் போவது அதுதான். விரலால் அழுத்து என்றால் கோபத்தில் குத்துகிறார்கள். ஓடுவதைப் பேடிலுக்கு மாற்றிவிடுங்கள். பேடிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது.

டிஎம்ஆர் என்று இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதுவும் காந்தம்தான். ஹாலைவிட மின்சாரம் குறைவாக இழுக்கும், நுணுக்கமும் அதிகம். கிடைத்தால் வாங்கலாம். வேடிக்கை என்னவென்றால், 50 டாலருக்குள் கிடைக்கும் கேம்சர் ஜி7 எஸ்இ கன்ட்ரோலரில் ஹால் ஸ்டிக் இருக்கிறது, 200 டாலர் எட்ஜில் இல்லை. ஜி7 எஸ்இ வயர் மாடல், பேட்டரியும் டோங்கிளும் (யுஎஸ்பியில் சொருகும் சின்ன ரிசீவர்) கிடையாது, அது வேறு விஷயம். விலையை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்க முடியாது என்பதற்குச் சொன்னேன்.

சரி, வயர்லெஸ்ஸுக்கு வருவோம். "1000 ஹெர்ட்ஸ்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை தகவல். 250 என்றால் நாலு மில்லி விநாடிக்கு ஒருமுறை. சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றரை மில்லி விநாடி. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமே, அதாவது ஒரு படம் நிற்கும் நேரமே 16.7 மில்லி விநாடி. அதுவும் அந்த 1000 பெரும்பாலும் பிசிக்குத்தான், கன்சோலில் அது கிடைக்காது. பொடி எழுத்தைப் படியுங்கள். இதற்காக இவ்வளவு கொட்டிவிட்டு, வீட்டில் டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடாமல் ஆடுகிறார்கள்! அந்த ஒரு மெனுவில் நீங்கள் இழப்பதை எந்த கன்ட்ரோலராலும் மீட்க முடியாது.

ப்ளூடூத்தா, டோங்கிளா என்று கேட்டால் போட்டிக்கு டோங்கிள். ஆனால் அந்த டோங்கிளைக் கொண்டுபோய் சிபியுவின் பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும் யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் சொருகுகிறார்கள். யுஎஸ்பி 3.0-விலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டோங்கிளும் அதே 2.4-இல்தான் பேசுகிறது. "பட்டன் சில சமயம் மிஸ் ஆகுது" என்று வருகிறவர்களில் பலருக்கு நான் கன்ட்ரோலரைத் திறப்பதே இல்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டோங்கிளை மேசைமேல், கண்ணுக்கு நேராக வையுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். முடிந்தால் யுஎஸ்பி 2.0 போர்ட்டில்.

போட்டி நடக்கும் அரங்கில் நிலைமை இன்னும் மோசம். நூறு ஃபோன், ஹெட்செட், வைஃபை எல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். அதனால்தான் சண்டை ஆட்டப் போட்டிகளில் வயர் போடு, பழைய பேரிங்கை (முன்பு இணைத்த கருவிகளின் பதிவை) அழி என்று விதி வைக்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலர் பையில் கிடந்தபடியே வேறொரு கன்சோலோடு இணைந்து, நடுவில் ஆட்டம் நின்றுபோனால் ரவுண்ட் போய்விடும். எட்ஜ் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கவனித்தீர்களா? 2.8 மீட்டர் பின்னல் வயரும், அது பிடுங்கிக்கொள்ளாமல் பூட்டுவதற்கு ஒரு கூடும். வயர்லெஸ் கன்ட்ரோலர் விற்கிறவர்களே போட்டி என்றால் வயரைப் போடு என்று வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பேட்டரியையும் பாருங்கள். சாதாரண டூயல்சென்ஸில் 1560 எம்ஏஎச், எட்ஜில் 1050. விலை கூடியிருக்கிறது, பேட்டரி குறைந்திருக்கிறது.

வாங்கிய அன்றைக்கே செய்ய வேண்டியது இது. பெட்டியைப் பிரிப்பதை ஃபோனில் வீடியோ எடுங்கள். பிரௌசரில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து கன்ட்ரோலரை இணையுங்கள். ஸ்டிக்கை மேலே தள்ளிப் பட்டென்று விடுங்கள். திரையில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சரியான நடு என்றால் 0. கீழே, இடம், வலம் என்று அதேபோல். 0.05-க்குள் நின்றால் பேசாமல் ஆடுங்கள். 0.1 தாண்டினாலோ, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றாலோ திருப்பிக் கொடுங்கள், யோசிக்காதீர்கள். விடும்போது எண் எதிர்ப்பக்கம் துள்ளிவிட்டுத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். ட்ரிக்கர் 0-விலிருந்து 1 வரை முழுதாகப் போக வேண்டும். பேடிலை ஒவ்வொன்றாக அழுத்துங்கள், சாதாரணமாகப் பிடிக்கும்போதே அது அழுந்துகிறதா என்பதையும் கவனியுங்கள். உள்ளங்கை பெரியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

அப்புறம், டெட்ஸோனை (ஸ்டிக் எவ்வளவு அசைந்த பிறகு ஆட்டம் கணக்கில் எடுக்கும் என்ற அளவை) பூஜ்யத்தில் வைத்துவிட்டு "ட்ரிஃப்ட், ட்ரிஃப்ட்" என்று ஓடிவராதீர்கள். பூஜ்யத்தில் புத்தம் புதுசுகூட லேசாக ஆடும். 3, 4, 5 என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அந்த லேசான அசைவு நிற்கிற எண்ணில் விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கருவியில் ஆடுகிறான் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸுக்குச் செய்தது ப்ளேஸ்டேஷன் 5-இல் வேலை செய்யாது. "அடாப்டர் போட்டால் எல்லாவற்றுக்கும் ஓடும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். 2023 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ், அங்கீகாரம் இல்லாத துணைக்கருவிகளை ஒரே அடியாகத் தடுத்தது. திரையில் 0x82d60002 என்ற எண் வந்தவர்களுக்குக் காரணம் அதுதான். குறியைத் தானாகச் சரிசெய்யும், துப்பாக்கி உதறலை அடக்கும் பெட்டிகளும் அதே வகையில்தான் வரும். பிள்ளை அதைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கணக்கே பூட்டப்படலாம். ஒரு பேடிலுக்கு ஒரு பட்டன் என்று மாற்றி வைப்பதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. ஒரு அழுத்தில் நாலு வேலை செய்யும் மேக்ரோவும், பிடித்தாலே திரும்பத் திரும்ப அழுத்தும் டர்போவும் போட்டியில் குற்றம். விலையில் நாலாயிரம் குறைகிறதே என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த நாலாயிரம்தான் வாரண்டி.

கொஞ்சம் திட்டியும் விடுகிறேன். ஸ்டிக்குக்குள் எதையும் ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய், சானிடைசர், சென்ட், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு முன்பைவிட மோசமாகும். சூடான சாலிடரிங் அயர்ன் கையில் இருக்கிறது என்பதற்காக மாட்யூலைப் பிடுங்காதீர்கள். டூயல்சென்ஸ் ஸ்டிக்குக்குப் பதினாலு கால். அவசரப்பட்டால் போர்டில் இருக்கும் செம்புத் தடமும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் கூலி இரட்டிப்பு. மாற்றிய பிறகு காலிபரேஷன் (ஸ்டிக்கின் நடுவையும் ஓரத்தையும் சரியாகப் பதியவைப்பது) செய்யாத கடைக்காரரிடம் பணம் கொடுக்காதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக பேட்டரி. கன்ட்ரோலரின் மூடி இணையும் இடத்தில் லேசான இடைவெளி தெரிந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ சார்ஜில் போடாதீர்கள். உப்பிய பேட்டரி அது. அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று எந்த அறிவாளி சொன்னாலும் கேட்காதீர்கள், வீட்டுக் குப்பையிலும் எறியாதீர்கள். அணைத்து, துணிமணி இல்லாத இடத்தில் தனியாக வைத்து, அன்றைக்கே தெரிந்த கடைக்கு எடுத்துப் போங்கள். மாற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.